நசுக்கியும் நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முழுக்க லிஃப்ட்தான். "கதவு மூடுகிறது." "கதவு திறக்கிறது." "எடை அதிகம், ஒருவர் இறங்கவும்." பதினான்கு மாடிக்குப் பதினான்கு எண்கள், அதோடு தரைத்தளம், அடித்தளம். இந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் பதினோரு வருடமாக என் பிழைப்பு இதுதான்: யாருமே காது கொடுத்துக் கேட்காத குரல்களை அலசித் துவைத்துக் கொடுப்பது. ஒருவர் இறங்கவும் என்று எவ்வளவு அழகாகச் சொன்னாலும் ஒருவரும் இறங்குவதில்லை.

சாயங்காலம் மகள் கேட்டாள். "ஏம்மா, உன் ஹெட்போன்ல கேட்டா அவ்வளவு நல்லா இருக்கு. லிஃப்ட்ல கேட்டா தகர டப்பாவுக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கே?"

எட்டு பிட், வேறென்ன. கணினி ஒலியை நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் தடவை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறித்து வைக்கிறது என்பதற்குத்தான் பிட் கணக்கு. எட்டு பிட் என்றால் மொத்தமே இருநூற்று ஐம்பத்தாறு படிகள். பதினாறு என்றால் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம். இருபத்து நாலு என்றால் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம். படிகள் கூடினால் கோப்பும் வீங்கும். ஒரு நிமிடப் பேச்சு இருபத்து நாலு பிட்டில் எட்டரை மெகாபைட் பிடிக்கும், எட்டு பிட்டில் மூன்றுக்கும் கீழே. லிஃப்டுக்குள் இருக்கிற சில்லுக்கு இடம் கிடையாது, அதனால் எட்டு.

அவளுக்கு இப்படிச் சொன்னால் ஏறாது. "கிலோ மட்டும் காட்டுற தராசுல ஒரு பிடி கடுகை வச்சா என்ன காட்டும்?"

"ஜீரோ."

"அதான் எட்டு பிட். அதனால அம்மா முதல்ல கடுகை மூட்டையாக்கிடுவேன். சத்தத்தை உச்சம் வரைக்கும் ஏத்திட்டு, அப்புறம்தான் தராசுல வைப்பேன்." ஏற்றுவது என் கை வேலை; ஏற்றியதை எட்டு பிட்டாக்க நானே எழுதி வைத்திருக்கும் சிறு மென்பொருளுக்கு அலுவலகத்தில் நசுக்கி என்று பெயர். என்னைவிட அதற்குத்தான் மரியாதை.

என் வீட்டுக்காரருக்குத் தொண்டை இன்னும் சரியாகவில்லை. மூன்று மாதக் கரகரப்பு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனிதர், நாள் முழுக்கக் கத்துகிறவர், தொண்டை கட்டாமல் என்ன செய்யும் என்று நானும் விட்டுவிட்டேன். போன வாரம் மருத்துவர் ஒரு துணுக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை தெரியும்.

மார்ச் 6, வெள்ளி

குரல்வளையை எடுக்க வேண்டுமாம்.

முழுசாக. பாதி இல்லை, ஓரமாகக் கொஞ்சம் இல்லை. மருத்துவர் ஒரு தாளில் கழுத்தை வரைந்து, ஒரு கோடு போட்டு, "இங்கிருந்து இது வரைக்கும்" என்றார். எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை. கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுவார். பேச்சு இருக்காது.

நான் கேட்டேன்: "எவ்வளவு நாளைக்கு?"

என்ன கேள்வி இது! அந்த மருத்துவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அறுவை சிகிச்சைக்குத் தேதி முப்பது என்று குறித்துக் கொடுத்தார்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். இவர் பக்கத்து இருக்கையில். மூன்றாவது கியரில் வேகத்தடை மேல் ஏற்றினேன். சிக்னலில் பச்சை விழுந்ததும் எஞ்சினை அணைய விட்டேன், பின்னால் ஹார்ன். கல்யாணமாகி இருபது வருடத்தில் முதல் முறையாக இவர் என் ஓட்டலைத் திட்டவில்லை.

மார்ச் 7, சனி

மகளிடம் சொன்னோம். அழவில்லை. எங்கள் இரண்டு பேர் மேலும் கோபப்பட்டாள், நாங்கள் ஏதோ திட்டம் போட்டுச் செய்த மாதிரி.

மார்ச் 10, செவ்வாய்

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாள் ஒரு வழி சொன்னார். குரல் போவதற்கு முன்பே பதிவு செய்துவிட்டால், அதை வைத்துக் குரல் கட்டித் தருகிற நிறுவனம் ஒன்று இருக்கிறதாம். போனில் தட்டச்சினால் போதும், அவருடைய குரலிலேயே பேசும். நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்தார். நிபந்தனைகள்: பின்னணி இரைச்சல் இருக்கக் கூடாது, பதினாறு பிட்டுக்குக் குறையக் கூடாது, வாக்கியம் வாக்கியமாக வெட்டி மொத்தமாக அனுப்ப வேண்டும்.

யாரிடம் சொல்கிறார் இதை! "பதினாறு எதுக்குங்க, இருபத்து நாலுலயே எடுத்துத் தரேன்" என்றேன். அத்தனை துக்கத்திலும் அதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன்.

மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: தொண்டையை வருத்தக் கூடாது, மெதுவாகத்தான் பேச வேண்டும்.

இவர் சொன்னார்: "அப்ப என் குரல் நான் இல்லாமலே வேலைக்குப் போகும். எனக்கு லீவு." மகள் சிரித்தாள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 12, வியாழன்

முதல் நாள். காலை ஏழிலிருந்து எட்டு வரை கூடம் எங்களுக்கு. முதலாளியம்மா தானாகவே சாவி கொடுத்தார்.

இவர் குரல் இப்போது குரலே இல்லை. காற்றில் கொஞ்சம் மணல் கலந்த மாதிரி. ஆனால் இருமல்! இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல், மைக்கையே உடைக்கிற இருமல். பேச்சுக்கு ஏற்ற மாதிரி மைக்கின் ஒலியளவை வைத்தால் இருமல் உச்சத்தைத் தாண்டி அடித்து அந்த வாக்கியத்தையே கெடுத்துவிடும். அதனால் இருமலுக்கு அளவு வைத்தேன். பேச்சு வெகு கீழே கிடக்கிறது, திரையில் கோடு அசைவதே தெரியவில்லை. கிடக்கட்டும். இருபத்து நாலு பிட்டில் கீழே இடம் கொட்டிக் கிடக்கிறது. எவ்வளவு தாழ்ந்து பேசினாலும் ஒரு இழையும் சிந்தாது, பிறகு மேலே தூக்கிக்கொள்ளலாம். தூக்கிப் பார்த்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிவது வரை கேட்கிறது.

வாக்கியங்களை எழுதியவர் யாரோ தெரியவில்லை. "ஏழு வாத்துகள் வரிசையாக ஏணியில் ஏறின." "மருந்து டப்பாவுக்குள் பொத்தான்கள் மட்டுமே இருந்தன." இவர் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கிசுகிசுத்தார்: "இதை எழுதினவனுக்கு நான் லைசென்ஸே தர மாட்டேன்."

மார்ச் 16, திங்கள்

இருநூறைத் தாண்டிவிட்டோம். இன்று "நான் நாளைக்குக் கூப்பிடுகிறேன்" என்ற வாக்கியத்தை ஆறு தடவை எடுக்க வேண்டியிருந்தது. ஐந்து தடவை அவருக்கு இருமல். ஆறாவது தடவை எனக்கு அழுகை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதில் ஒரு வசதி, அவருக்குக் கேட்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

முடிந்தது! நானூற்றுப் பன்னிரண்டும். ஆறு மணி நேரப் பதிவு, மூன்று ஜிபி. இருமல்களை வெட்டி எடுத்து, ஒவ்வொன்றையும் மூச்சு கெடாமல் பார்த்து, அடுத்த வாரம் அனுப்பலாம். அப்படியே அள்ளிப் போட்டு அனுப்ப எனக்கு மனசு வராது. என் கையால் போகிறது, ஒழுங்காகப் போகட்டும்.

வீட்டுக் கணினியில் வைத்தால் பயம் என்று சர்வரிலேயே வைத்துவிட்டேன். அங்கே தினமும் நகல் எடுக்கிறார்கள். வேலைக் கணினியைத் துடைத்து அடுத்த வேலைக்குத் தயார் செய்தாயிற்று.

மார்ச் 21, சனி

மருத்துவமனையிலிருந்து போன். படுக்கை காலியாகிறதாம், அறுவை சிகிச்சை செவ்வாய்க்கிழமையே. முப்பது இல்லை, இருபத்து நாலு.

இவர் "பதிவுதான் முடிஞ்சுதே, அப்புறம் என்ன" என்கிறார். ஆமாம், அது ஒன்றுதான் நிம்மதி.

மார்ச் 23, திங்கள்

வங்கித் தொலைபேசிக்கான குரல் பதிவு வேலை நடுவில் சர்வர் நிரம்பிவிட்டது என்று சிவப்பு எழுத்து. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பேக்கப் அண்ணன் லீவு. முதலாளியம்மா தலைக்கு மேல் நிற்கிறார். நான் என்ன செய்தேன், "முடிந்தவை" கோப்புறை முழுவதையும் நசுக்கியிடம் கொடுத்தேன். பழைய லிஃப்ட், பழைய டோக்கன் மெஷின், எல்லாம் ஏற்கனவே உச்சம் வரை ஏற்றி வைத்தவை. எட்டு பிட்டானால் யாரும் அழப் போவதில்லை. பதினைந்தே நிமிடம், மூன்றில் இரண்டு பங்கு இடம் மிச்சம். "கெட்டிக்காரி" என்றார் முதலாளியம்மா. கெட்டிக்காரிதான்.

நாளைக்கு ஆறு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

மார்ச் 24, செவ்வாய்

ஏழு மணி நேரம். நல்லபடியாக முடிந்தது என்று சொன்னார்கள்.

உள்ளே கொண்டுபோகும்போது கடைசியாக என்னிடம் பேசினார். நான் ஏதோ பெரிதாக எதிர்பார்த்துக் குனிந்தேன். "செருப்பை வெளியில விட்டுட்டேன், எடுத்து வை" என்றார். அவ்வளவுதான். அதுதான் கடைசி.

எடுத்து வைத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

கழுத்தில் குழாய். மூச்சு அதன் வழியாக வந்து போகும்போது ஒரு சீறல். என் காதுக்கு எந்தச் சத்தமும் புதிதில்லை என்று நினைத்திருந்தேன். அந்த அறையில் பத்து நிமிடம் என்னால் உட்கார முடியவில்லை, வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சிறு எழுதுபலகை கொடுத்திருக்கிறார்கள், எழுதி எழுதி அழிக்கலாம். மகளிடம் "சாப்பிட்டியா" என்று எழுதிக் காட்டினார்.

மார்ச் 30, திங்கள்

எழுதியே ஆக வேண்டும்.

ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் வேலைக்குப் போனேன். இவருடைய கோப்புகளை வெட்டலாம் என்று திறந்தேன். ஒரு ஜிபி என்று காட்டியது. மூன்று இருக்க வேண்டுமே? பாதிதான் ஏறியிருக்கிறதோ என்று எண்ணிப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டும் இருக்கின்றன. முதல் கோப்பைத் திறந்தேன்.

கோடு. நேர்கோடு.

ஓடவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒலியை ஏற்றினேன், முழுக்க ஏற்றினேன். எங்கள் கூடத்துக்கென்று ஒரு அமைதி உண்டு, நாற்காலி முனகும், மூச்சு இருக்கும், ஏசி லேசாக உறுமும். இது அது இல்லை. இதில் ஒன்றுமே இல்லை. அப்போது திடீரென்று காதில் அறைந்த மாதிரி ஒரு வெடிப்பு. இருமல். நான் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன்.

இரண்டாவது கோப்பு. கோடு, இருமல், கோடு. மூன்றாவது. பத்தாவது. நூறாவது. வாத்துகள் இல்லை, ஏணி இல்லை, பொத்தான் இல்லை. இருமல் மட்டும். ஐயோ! இருமல் மட்டும் இருக்கே! எட்டு பிட்டுனு காட்டுது. யாரு பண்ணினது இதை? எந்தப் பாவி?

பேக்கப் அண்ணனைப் பிடித்துக் கத்தினேன். எல்லோர் முன்னாலும். அவர் பாவம், முகம் வெளுத்துப் போனார். "நகல் இருக்கும்க்கா, பதறாதீங்க" என்று தேடினார். பிறகு மெதுவாக, "மூணு நாள் நகல்தான்க்கா வச்சிருப்போம். மூணுலயும் இப்படித்தான் இருக்கு."

கோட்டை அறுபது மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்த்தேன். பூஜ்யத்தை எதால் பெருக்கி என்ன.

சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனால், பலகையில் முதலிலேயே எழுதி வைத்திருக்கிறார்: "அனுப்பியாச்சா?"

"அனுப்பிட்டேன்ங்க" என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது?

மார்ச் 31, செவ்வாய்

பேக்கப் அண்ணன் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனார்.

மார்ச் 23, காலை 11.40. மென்பொருள்: நசுக்கி. பயனர்: நான்.

நான்.

இருபதாம் தேதி வேலை முடிந்த கையோடு, எல்லா வேலையையும் செய்கிற மாதிரி, இதையும் "முடிந்தவை" கோப்புறைக்குள் தூக்கிப் போட்டிருக்கிறேன். பதினோரு வருடப் பழக்கம், கை தானாகச் செய்தது. அதில் இருக்கிற எல்லாமே ஏற்றி வைத்த சத்தம். இவர் குரல் மட்டும் ஏற்றாத குரல். தூக்காமல் அப்படியே தராசில் வைத்துவிட்டேன். இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தால், 'இது தாழ்ந்த குரல், நசுக்கட்டுமா' என்று நசுக்கி என்னைக் கேட்டிருக்கும். கேட்கிற மாதிரி நான் எழுதவில்லை. அவசரத்துக்கு உதவாது என்று.

இந்த நோட்டையே பின்னால் புரட்டினேன். இருக்கிறது. என் கையெழுத்தில், தேதியோடு. கெட்டிக்காரிதான் என்று எழுதியிருக்கிறேன். என்னை நானே மெச்சிக்கொண்டு!

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா" என்றார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 1, புதன்

சொல்லவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. பேச்சுப் பயிற்சி அம்மாள் வந்து, "இன்னும் ஆறு வாரத்துல உங்க குரல் உங்ககிட்ட வந்துடும் சார்" என்றார். இவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மகளை வெளியே அனுப்பிவிட்டு, ஒரே மூச்சில். பிட், படி, நசுக்கி, கோப்புறை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்கு எது புரிந்ததோ. அனுப்பிவிட்டேன் என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவர் பலகையை எடுத்து எழுதினார்: "எல்லாமா?"

தலையாட்டினேன்.

அழித்தார். மறுபடி எழுதினார்: "எது மிச்சம்?"

"இருமல்" என்றேன்.

அவர் தோள் குலுங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். குழாயிலிருந்து புஸ் புஸ் என்று காற்று வந்தது. சிரிக்கிறாரா, அழுகிறாரா? எனக்குத் தெரியவில்லை. இருபது வருடம் கூட வாழ்ந்த மனுஷன், காதை வைத்துப் பிழைக்கிறவள் நான், அவர் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை! பிறகு பலகையைத் துடைத்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 8, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டார். மகளுக்குப் பலகை நிறைய எழுதுகிறார். செவிலியருக்கு எழுதினார், பேச்சுப் பயிற்சி அம்மாளுக்கு எழுதினார், மாடிப்படியில் பார்த்த மேல்வீட்டு அம்மாளுக்குக்கூட "நலம்" என்று எழுதினார். எனக்கு எழுதவில்லை. ஐந்து நாள்.

முன்பெல்லாம் கோபம் வந்தால் கத்துவார், அரை மணியில் தீர்ந்துவிடும். கத்தாமல் இருந்தால் கோபமில்லை என்று அர்த்தம். இப்போது எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

மகள் என்னிடம் சண்டை போடவில்லை. "நீ என்ன, வேணும்னேவா பண்ணினே?" என்றாள். என் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அவள் என்றைக்கு இவ்வளவு வளர்ந்தாள்?

ஏப்ரல் 11, சனி

ஒரு பல் மருத்துவர் வீட்டுக்கு வந்தார். இவரிடம் கார் கற்றுக்கொண்ட பெண், ஓட்டுநர் தேர்வில் நாலு தடவை தோற்று ஐந்தாவது தடவை தேறியவர். ஊர் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவர், இவர் முன்னால் வாயே திறக்க மாட்டாராம். இன்று திறந்த வாயை மூடவில்லை.

"சாரோட குரலை இனிமே கேக்கவே முடியாதுன்னு நம்பவே முடியலைங்க. நான் தினமும் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"தினமுமா?"

"வகுப்பு முடிஞ்சதும் எனக்கு எல்லாம் மறந்துடும். அதனால போனை டேஷ்போர்டுல வச்சு மொத்தத்தையும் பதிவு பண்ணிக்குவேன். வீட்ல போய்க் கேப்பேன். முப்பத்தெட்டு வகுப்பு. என் வீட்டுக்காரர் ஒளிஞ்சுக்குவார்."

நான் கையிலிருந்த தட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. "இருக்கா? இப்ப இருக்கா? அழிச்சிட்டீங்களா?"

"போன்லதான் இருக்கு. எதை அழிச்சாலும் தேர்வுல தோத்துடுவேனோன்னு பயமா இருந்துச்சு."

அந்தப் போனை அவர் கையிலிருந்து நான் பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இருபத்தெட்டு மணி நேரம் இருக்கிறது. முதல் காரியமாக மூன்று இடத்தில் நகல் எடுத்தேன். பிறகு ஹெட்போனை மாட்டினேன்.

"இடதுன்னா இடது! அந்தச் சுவர் உங்களை என்னங்க பண்ணுச்சு, அது பாட்டுக்கு நிக்குது!"

நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டேன். நான் மறந்தே போயிருந்தேன். இந்தக் குரலை. மூன்று மாதமாக அந்த மணல் குரலையே கேட்டுக் கேட்டு, அதுதான் இவர் குரல் என்று ஆகிவிட்டிருந்தது. இது போன வருஷத்து ஆள். உடம்பு முழுக்கக் குரலாக இருக்கிற ஆள்.

பதிவு என்று பார்த்தால் என் தொழிலுக்கே கேவலம். மலிவான மைக், பதினாறு பிட், எஞ்சின், ஹார்ன், இண்டிகேட்டரின் டிக்டிக், நடுநடுவே "சாரி சார், சாரி சார்". ஆனால் அத்தனைக்கும் மேலே இவர் நிற்கிறார். அறுபத்தைந்தாயிரம் படியிலும் கடைசிப் படி வரை ஏறி நின்று கத்துகிறார். ஒரு நகலை எடுத்து — நகலைத்தான் — எட்டு பிட்டாக்கிப் பார்த்தேன். கொஞ்சம் கரகரத்தது, ஒரு சொல் விழவில்லை. ஒலி புகாத அறையில், இருபத்து நாலு பிட்டில், பார்த்துப் பார்த்து நான் எடுத்தது தூசியாகப் போனது. டேஷ்போர்டில் கிடந்த போன் பிடித்தது கல்லாக நிற்கிறது. என் படிப்பு, என் காது, என் கெட்டிக்காரத்தனம் எல்லாம் வாயடைத்து உட்கார்ந்திருக்கின்றன.

ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டேன். அவர் கதவருகே வந்து நின்றார். தன் குரல் இன்னொருத்தியைத் திட்டுவதை முழுசாகக் கேட்டார். எனக்கு ஒன்றும் எழுதவில்லை. பல் மருத்துவர் சுவரில் இடித்த இடம் வந்ததும் மறுபடி அந்தப் புஸ் புஸ். இந்தத் தடவை அது சிரிப்பு. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

காலையும் மாலையும் இதே வேலை. இருபத்தெட்டு மணி நேரத்தில் சுத்தமாகத் தேறுவது இரண்டு மணிக்குள்தான். இண்டிகேட்டர் டிக்டிக்கை முழுக்க எடுக்க முடியவில்லை, திருப்பத்தில்தான் அதிகம் திட்டியிருக்கிறார். முதலாளியம்மா கூடத்தை எனக்கே விட்டுவிட்டார். பேக்கப் அண்ணன் கேட்காமலே தனியாக ஒரு வட்டு வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார்.

ஏப்ரல் 29, புதன்

அனுப்பினேன். அனுப்பியதற்கு வந்த பதிலை இவரிடம் காட்டினேன், கேட்பதற்கு முன்பே.

குரல் கட்டுகிற நிறுவனத்திலிருந்து போன் செய்தார்கள். "இதுல அவர் மெதுவா பேசினது ஒரு இடம்கூட இல்லீங்களே. கட்டினா கத்துற குரலாத்தான் வரும். 'தண்ணி வேணும்'னாலும் கத்தித்தான் கேப்பார். பரவாயில்லையா?"

இவர் தலையசைத்தார். மகளின் பக்கம் பலகையைத் திருப்பி, "எப்பவும் அப்படித்தானே கேட்டேன்" என்று எழுதினார்.

மகளின் பக்கம். என் பக்கம் இல்லை. இருபத்தாறு நாள்.

மே 19, செவ்வாய்

குரல் வந்தது.

காலை பத்து மணிக்கு அவர் போனில் இறக்கினோம். நான் பக்கத்தில் நின்றேன், சோதித்துப் பார்க்கலாம் என்று. அவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாகத் தெரிந்தது: ஒற்றை விரலால் தட்டுகிறார், நிறுத்துகிறார், அழிக்கிறார், மறுபடி தட்டுகிறார். முக்கால் மணி நேரம். மகளுக்குத்தான் ஏதோ எழுதுகிறார் என்று நினைத்து நான் துணி மடிக்க உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வந்து என் எதிரில் நின்றார். போனை என் முகத்துக்கு நேராக நீட்டி அழுத்தினார்.

"உனக்கு அறிவு இருக்கா இல்லையா? நானூத்திப் பன்னெண்டு வாக்கியம்! தொண்டை கிழிய உக்காந்து பேசினேன்! கொண்டுபோய் லிஃப்ட் குப்பையோட போட்டு நசுக்கி வச்சிருக்கே!"

வீடே அதிர்ந்தது. மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். என் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அவர் குரல். அச்சு அசல் அவர் குரல், எங்கோ அடியில் இண்டிகேட்டர் டிக்டிக்கோடு. அவர் வாய் அசையவில்லை, கண் மட்டும் என் மேல் இருந்தது.

"அது கூடப் போகட்டும். தப்பு யாருக்கும் நடக்கும். அனுப்பிட்டேன்னு என் முகத்தைப் பாத்துப் பொய் சொன்னியே, எப்படி மனசு வந்துச்சு உனக்கு? நாலு நாள்! நாலு நாள் யார்கிட்டயும் சொல்லாம ஒத்தை ஆளா வச்சுக்கிட்டு அழுதிருக்கே! கண்ணு வீங்கினது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நான் பேசத்தான் முடியாது, பார்க்க முடியும்! இனிமே அழறதா இருந்தா என் முன்னாடி வந்து அழு!"

கதவைத் தட்டும் சத்தம். மேல்வீட்டு அம்மாள். படபடப்பாக நின்றார். "என்னங்க, ஏதாவது பிரச்சனையா? சார் கத்துற மாதிரி கேட்டுச்சு… சார் எப்படிங்க…?"

எனக்கு முகமெல்லாம் ஈரம்.

"ஒண்ணுமில்லைங்க. என்னைத் திட்டுறாரு."

அந்த அம்மாள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். அவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனை மடியில் வைத்து, மறுபடி ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.